இரண்டு வீத வெளிச்சம்

இரவு பதினொன்றுக்குப் பிறகுதான்
சீனக்குடா வீதியில் சிமெந்து லொறிகள் குறையும்.
அதற்கு முன் எடுத்த படங்களில்
முந்நூறாவது வரிக்குக் கிட்ட ஒரு நெளிவு இருக்கும்.
புதிதாய் வரும் மாணவர்கள் அதற்கு
உயிரியல் காரணம் தேடுவார்கள்.
அது லொறி.

வில்லை மேலிருந்து இறங்குகிறது.
பேராதனையில் நான் பழகிய நுணுக்குக்காட்டி
கீழிருந்து பார்ப்பது.
அதற்கு நாங்கள் காட்டியதெல்லாம்
கண்ணாடியில் ஒட்டியவை,
ஒட்டுவதற்கு முன் கொன்றவை.
இது நிமிர்ந்து நிற்கிற சாதி.
பீங்கான் மூக்கைக் கடல்நீரில் தோய்த்து
கிண்ணத்தில் இருப்பதை இருந்தபடியே பார்க்கும்.
வேலை முடிந்ததும் வடிநீரால் மூன்று தரம் கழுவாவிட்டால்
உப்பு அதைத் தின்னத் தொடங்கும்.
டொக்டர் ரொசைரோ சிவப்புப் பேனையால் எழுதி
சுவரில் ஒட்டியிருக்கிறார்:
மூன்று தரம். இரண்டு அல்ல.

கிண்ணத்தில் விரல்நீள முருகைத் துண்டு.
முசாதிக் நிலாவெளிக்கு அப்பாலிருந்து
வாளித் தண்ணீரோடு கொண்டுவந்தது.
ஏற்கெனவே உடைந்து கிடப்பதை மட்டும் எடுக்கலாம்
என்கிறது அனுமதிப் பத்திரம்.

முதல் கதிர் பட்டதும் எல்லாம் உள்ளே சுருண்டுகொண்டன.
விளக்கை அணைத்துவிட்டு இருந்தேன்.
வெளியே குப்பைத்தொட்டியில் ஒரு மான்
எங்கள் பழைய அறிக்கை எதையோ மென்றுகொண்டிருந்தது.
பதினைந்து நிமிடம். இருபது.
பிறகு ஓர் உணர்கொம்பு, சந்தேகத்தோடு,
பிறகு மற்றவை.

முருகையின் சொந்த ஒளிர்வு பச்சை.
அதனுள் குடியிருக்கும் பாசியோ
நீல ஒளி பட்டால் சிவப்பாய்ப் பதில் சொல்லும்,
பச்சையம் என்று பெயர் வைத்தவர்களைக் கணக்கெடுக்காமல்.
வெட்டாமலே வெட்டுகிறோம்:
நான் கேட்ட ஆழத்து ஒளிக்கு மட்டும்
ஊசித்துளையில் வழி உண்டு.
மேலே இருந்து வந்தது, கீழே இருந்து வந்தது
எல்லாம் வாசலோடு திருப்பியனுப்பப்படும்.
பள்ளிக்கூடத்துக்குப் போக
மூன்று சோதனைச்சாவடி தாண்டிய எனக்கு
யாரும் இதைப் படம் கீறி விளக்கவேண்டி இருக்கவில்லை.

"மங்கலாக இருக்கிறது, லேசரைக் கூட்டுங்கள்"
என்று போன வாரப் படத்தின் ஓரத்தில் டொக்டரின் குறிப்பு.
கூட்டலாம். சுட்டியை ஒரு விரல் தள்ளினால் இருபது வீதம்.
சஞ்சிகைக்காரரும் மகிழ்வார்கள்.
ஆனால் பார்க்கிற ஒளியே
பார்க்கப்படுவதைத் தின்கிறது.
கடல் கொதித்தாலும் வெளுப்பு,
நான் உற்றுப் பார்த்தாலும் வெளுப்பு.
இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம்.
நான் இரண்டிலேயே விட்டேன்.
திரையில் மணல் தூவியதுபோல் இரைச்சல்,
அதற்குள் சிவப்பு மணிகள்.

முப்பத்தொரு தளங்கள்.
பதினொன்றில் வாயருகே ஒரு சிவப்புப் புள்ளி.
பதினாறில் அது அங்கே இல்லை, கொஞ்சம் இடப்பக்கம்.
இருபத்திரண்டில் உடம்புக்கு வெளியே, வெறும் நீரில்.
மென்பொருள் மூன்று என்று எண்ணியது.
மூன்றில்லை.
ஒன்றே ஒன்று,
நான் படம் எடுக்க எடுக்க வெளியேறிக்கொண்டிருந்தது.
மூன்றை வெட்டி ஒன்று என்று எழுதினேன்.
அந்த ஒன்றையும் உள்ளே இருந்ததில் சேர்ப்பதா
போனதில் சேர்ப்பதா என்று
பேனை அந்தரத்தில் நின்றது.

நாலரைக்கு முசாதிக் வந்தான்.
"உயிர் இருக்கா மிஸ்?"
"இருக்கு. ஒண்டு வெளிய போனதைப் பாத்தன்."
துண்டை வாளிக்குள் இறக்கினான்,
நித்திரையில் இருக்கிற பிள்ளையைக் கைமாற்றுகிற மாதிரி.
வாசலில் போய் நின்றான்.
"உடஞ்சு கிடந்ததுதான், அதில பொய் இல்ல.
உடச்சது எங்கட நங்கூரம்."
ஓட்டோ கிளம்பிப் போயிற்று.

படிவத்தில் 'மாதிரி கிடைத்த விதம்' என்று ஒரு கட்டம்,
அரை அங்குலம் இருக்கும்.
'உடைந்து கிடந்தது' என்று நேற்றே நிரப்பியாயிற்று.

வில்லையை மூன்று தரம் கழுவினேன்.
கடைசித் தளத்தைத் திறந்து பார்த்தபோது
முந்நூறாவது வரியில் நெளிவு.
அந்நேரம் வீதியில் எதுவும் போகவில்லை.
என் முழங்கை
மேசையில் இருந்திருக்க வேண்டும்.